பத்துப் பேருக்கு மேல் இல்லாத பேக்கரி

டெல்ஃபினா நுஃபாபிள் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாரோவில் இன்றைக்கும் அவள் பேரை எடுத்தால், "யாரு, அந்த மைக்குக்காரியா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவள் செய்த காரியத்தால் கைநிறையக் காசு வாங்கியவர்கள். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டெல்ஃபினா மியாகாவ் ஊர்க்காரி. இருபது வயதில் இலோய்லோ நகரத்துக்கு வந்து, ஹாரோ பெரிய மாதா கோயிலுக்கு எதிரில் இருந்த மேடம் சலூத்தின் பேக்கரியில் ரொட்டி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். நாங்கள் எல்லோரும் அவளை மனாங் டெல்ஃபி, அதாவது டெல்ஃபி அக்கா, என்போம். அவளைவிடப் பத்து வயது சின்னவளான என்னை அவள் தங்கச்சி என்கிற மாதிரி இன்டாய் என்றுதான் கூப்பிடுவாள். குரல் பெரிது. காலையில் சூடான பான்டேசால் ரொட்டி வாங்க நிற்கும் வரிசையில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் வந்தால், அவர் வக்கீலாக இருந்தாலும் சரி, "பின்னால போங்க சார், ரொட்டி உங்களுக்காக மட்டும் வேகல" என்று சொல்லிவிடுவாள். மற்றபடி வாயைத் திறந்து எதிர்த்துப் பேசத் தெரியாது, அதுவும் மேடம் சலூத்திடம்.

மேடம் அவள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவள். அவள் மகளுக்கு ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஆனால் மேடம் காரியம் ஆக வேண்டும் என்றால்தான் 'மாரே' என்பாள். மற்ற நேரத்தில் 'டெல்ஃபி', கோபம் வந்தால் 'ஏய்'. முதலாளியைப் பற்றி மரியாதை குறைத்து எழுதுகிறேன் என்று தோன்றலாம். ஆமாம், குறைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் குறைந்தபட்சக் கூலி ஊருக்கு ஊர் வேறு. மணிலாவில் ஒன்று, எங்கள் விசயாஸ் பக்கம் ஒன்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சம்பள வாரியம் உண்டு. அரசாங்கம், முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்கார்ந்து, தனியாரிடம் வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு இதற்குக் குறையாமல் கொடு என்று ஆணை போடுவார்கள். அந்த ஆணையிலும் எங்களுக்கு இரண்டு கூலி. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குப் பெரிய கூலி, பத்துப் பேர் வரைக்கும் உள்ள இடத்துக்குச் சின்னக் கூலி. சின்னக் கடைக்காரன் பிழைக்க வேண்டுமாம். நன்றாகப் பிழைக்கட்டும். ஆனால் சின்னக் கடையில் வேலை செய்கிறவளுக்கு வயிறும் சின்னதாகத்தான் இருக்கும் என்று யார் அளந்து பார்த்தது? அவளுக்கு மட்டும் அரிசிக்காரன் விலையைக் குறைத்தா கொடுக்கிறான்?

மேடம் சலூத்தின் இடத்தில் முப்பத்து நான்கு பேர் வேலை செய்தோம். பின்னால் ரொட்டி சுடும் அடுப்பறை, முன்னால் விற்கும் கவுண்டர், பக்கத்தில் பட்சோய் மேசைகள். ஈரலும் நூடுல்ஸும் போட்ட அந்தச் சூப்பை ஊற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. அது போக, கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வண்டிகள். எல்லாம் ஒரே கூரை, ஒரே கல்லா.

வாரியம் ஒரு வருஷம் பெரிய கூலியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றியது. பேப்பரில் அதைப் படித்த அன்றைக்கே மேடத்துக்கு நெஞ்சுவலி. மறுநாள் சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களை மாடிக்குக் கூப்பிட்டுத் தட்டு நிறையப் பான்சிட் நூடுல்ஸ் வைத்தாள். பக்கத்தில் அவளுடைய கணக்காளர் பலோமோஸ், தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் எங்களிடம் காரியம் இருந்தால் தவிர ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுக்க மாட்டாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பயந்தோம்.

கடை நான்காகப் பிரிகிறது என்றார் பலோமோஸ். சுவர் எழுப்பப் போவதில்லை, காகிதத்தில் மட்டும்தான். கவுண்டர் மேடத்தின் மச்சினி பேரில். வண்டிகள் பலோமோஸின் தம்பி பேரில். பட்சோய் மேசைகள், நாங்கள் மனோங், அண்ணன், என்று கூப்பிடும் டிரைவர் தூரிங் பேரில். அடுப்பறை டெல்ஃபினா நுஃபாபிள் பேரில். ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை. ஆகவே எல்லோருக்கும் சின்னக் கூலி.

"மாரே, உன்ன நம்பித்தான் அடுப்பையே குடுக்கறேன்," என்று மேடம் அவள் தோளைத் தொட்டாள். மனாங் டெல்ஃபி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இருபது வருஷம் உழைத்ததற்கு நம்பிக்கை கிடைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

சட்டப்படி லைசென்ஸைச் சுவரில் மாட்ட வேண்டும். ஒரே சுவரில் நாலு கண்ணாடிச் சட்டங்கள் ஏறின. நேற்று வரை "இன்டாய், மிச்ச சூப்பு இருந்தா ஊத்தேன்" என்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற மனோங் தூரிங் இன்றைக்கு என் முதலாளி.

"மனோங், முதலாளி ஆயிட்டீங்க, சம்பளத்த ஏத்துங்க," என்றேன்.

"ஏத்தலாம் இன்டாய். மொதல்ல என் சம்பளத்த எவனாச்சும் ஏத்தட்டும்," என்றான்.

சிரித்தோம். மனாங் டெல்ஃபியின் புருஷன் பெனிங், பைக்கில் தொட்டி பூட்டிய சவாரி டிரைசிக்கிள் ஓட்டுகிறவன். அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "முதலாளியம்மா, பெட்ரோலுக்குக் காசு குடுங்க" என்று கத்துவான். அவளும், "ஆபீஸ் நேரத்துல தொந்தரவு பண்ணாதய்யா" என்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு வருஷம்தான் ஓடியது.

மறுவருஷம் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. கூலியை ஏற்றச் சொல்லித் தொழிற்சங்கங்கள் மனுப் போட்டன. இரண்டு கூலி வேண்டாம், எல்லோருக்கும் ஒரே கூலி போடுங்கள் என்பதும் அந்த மனுவில் இருந்தது. முடிவெடுப்பதற்கு முன்னால் வாரியம் பொது விசாரணை வைக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். அடுப்பறையில் மாவு பிசையும் ரெனாந்தே வாய்த்துடுக்கான பையன், முப்பது வயதிருக்கும். அவன் எங்களில் ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு போனான். நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மண்டபத்தில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் முதலாளிகள். ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளிகள் பக்கம் முன்வரிசையில் மேடம் சலூத். அவளுக்குப் பக்கத்தில், யாரோ கொடுத்த பட்டுச் சட்டையில், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு மனாங் டெல்ஃபி. ரெனாந்தே என் முழங்கையைப் பிடித்தான். "இவங்க எதுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க?"

சீக்கிரமே தெரிந்துவிட்டது. பேர் கூப்பிட்டதும் அவள் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் ஒரு காகிதத்தைப் பிரித்தாள். வரிசையில் வக்கீலை அதட்டும் குரல் அன்றைக்கு எங்கே போனதோ. "நான் ஒரு சிறு தொழில்முனைவோர். என்னிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களை என் பிள்ளைகளாக நடத்துகிறேன். கூலியை உயர்த்தினால் என் அடுப்பை அணைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை" என்று திக்கித் திக்கிப் படித்தாள்.

ரெனாந்தே எழுந்து நின்றுவிட்டான். "மனாங்! எப்போ முதலாளி ஆனீங்க? நேத்து எங்கூட உக்காந்துதான கருவாடு தின்னீங்க!"

மண்டபம் சிரித்தது. அமைதி, அமைதி என்றார் தலைவர். வாரியத்தில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "ஒரே ஒரு கேள்விம்மா. உரிமையாளரா நீங்க மாசம் உங்களுக்குன்னு எவ்வளவு எடுத்துக்கறீங்க?"

காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அது... மேடத்தக் கேட்டுத்தான் சொல்லணும்."

"எந்த மேடத்த?"

மனாங் டெல்ஃபி, எங்கள் ஊரில் விரலுக்குப் பதில் காட்டுகிற மாதிரி, உதட்டைக் குவித்து முன்வரிசையைக் காட்டினாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் பக்கமும் சிரித்தது, முதலாளிகள் பக்கமும் சிரித்தது. மேடம் சலூத் மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நேரமில்லை என்று அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டுச் சட்டையோடு மனாங் டெல்ஃபி தன் நாற்காலிக்குத் திரும்பி நடந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் கடையில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வந்து உட்கார்ந்ததும் ரெனாந்தே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எழுதிக் குடுத்துப் படின்னாங்க, படிச்சேன்," என்றாள் அவள். "எனக்கு அதுல என்ன தெரியும்?"

"எங்க வயித்துல அடின்னு எழுதிக் குடுத்தா படிப்பீங்களா மனாங்?" என்றான் அவன். "அதத்தான எழுதிக் குடுத்தாங்க!"

அந்த வாரமே ரெனாந்தேயும் அடுப்பறை ஆட்களும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். கடை நாலு இல்லை, ஒன்றுதான், பெரிய கூலி தர வேண்டும் என்பது முதல் புகார். யூனிஃபார்முக்கு, உடைந்த தட்டுக்கு என்று பிடித்துக்கொண்டு சின்னக் கூலியைக்கூட முழுசாகத் தரவில்லை என்பது இரண்டாவது. கடை ஒன்றுதான் என்பதால் பட்சோய்க்காரியான நானும் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்தரப்பு என்று லைசென்ஸில் உள்ள பேரைத்தானே எழுத முடியும்? எழுதினோம்.

நோட்டீஸ் வந்தபோது பெனிங் வழக்கம்போல, "முதலாளியம்மாவுக்குத் தபாலு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனானாம். அதைப் படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தவன், அன்றைக்கு வண்டி எடுக்கவே இல்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் எங்கள் விவகாரத்தை விசாரித்தவர் திருமதி ஹிலாரியோ. நரைத்த தலை, தூங்காத கண், மேசை மேல் எப்போதும் ஆறிப்போன காப்பி. மேசைக்கு ஒரு பக்கம் நாங்கள் பத்துப் பேர். எதிரே மனாங் டெல்ஃபி தனியாக. மேடம் வரவில்லை. கடைசியில் பலோமோஸ் வந்தார், உட்காரவில்லை.

"மேடம் சலூத்துக்கும் இந்த அடுப்பறைக்கும் சம்பந்தமில்ல," என்றார். "கட்டடத்த வாடகைக்கு விட்டிருக்காங்க, அவ்ளோதான். உரிமையாளர் இவங்க."

"நானா?" என்றாள் மனாங் டெல்ஃபி.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

திருமதி ஹிலாரியோ அவளைப் பார்த்துச் சொன்னார், "அப்படின்னா சின்னக் கூலியில பிடிச்ச பாக்கிய நீங்கதாம்மா இவங்களுக்குக் குடுக்கணும். கடை ஒண்ணா நாலாங்கறத நேர்ல வந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"எனக்கும் அதே கூலிதாங்க. எனக்கும் பிடிக்கிறாங்க. யூனிஃபார்முக்கு."

"யாரு பிடிக்கிறாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

பலோமோஸ் முந்திக்கொண்டார். "அவங்களுக்கு அவங்களே பிடிச்சுக்கறாங்க."

ரெனாந்தேகூடச் சிரிக்கவில்லை. ஒரு மனுஷியை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, பலோமோஸைத் தவிர.

அங்கிருந்து அவள் நேராக மேடத்தின் மாடிக்குப் போனாள். அங்கே நடந்தது எனக்கு முழுசாகத் தெரியும். மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதான் என் சூப்புப் பானை, நானும் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

"மேடம், பாக்கியெல்லாம் நான் குடுக்கணுமாம். நான் எங்க போவேன்?"

"குடுக்க வேணாம் மாரே. கேஸ் நடக்கும், வருஷக் கணக்கா நடக்கும். நீ கவலப்படாத."

"தோத்தா? வீட்டுக்கு வந்து சாமானத் தூக்கிட்டுப் போவாங்களே?"

மேடம் சிரித்தாள். கொஞ்சுகிற மாதிரிச் சிரிப்பு. "ஒங்கிட்ட தூக்கிட்டுப் போக என்ன இருக்கு, சொல்லு? ஓட்டை டிரைசிக்கிளு, ரெண்டு சட்டி. அதனாலதான உம் பேரப் போட்டேன். எம் பேர்ல இருந்தா எவ்ளோ போகும் தெரியுமா?"

எனக்குக் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது.

"நம்பித்தான் குடுத்தேன்னு சொன்னீங்க," என்றாள் மனாங் டெல்ஃபி.

"நம்பாமலா? நீ ஓட மாட்ட, எதுத்துப் பேச மாட்ட. அதுதான நம்பிக்க? போ, போய் வேலையப் பாரு. கவுண்டர்ல கூட்டம்."

அவள் கீழே இறங்கி வந்தபோது முகம் சுண்டிப்போயிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. காது வரைக்கும் சிவந்திருந்தது. அன்றைக்கு வேலையைப் பார்த்தாள். வேலை முடிந்ததும் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய், திருமதி ஹிலாரியோவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"என் கடையச் சோதிக்க வாங்க. நாளைக்கே வாங்க. உரிமையாளர் நானே கூப்பிடறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாராம். "இத்தன வருஷத்துல எந்த முதலாளியும் தானா வந்து என்னக் கூப்பிட்டதில்லம்மா."

மறுநாள் காலை நாங்கள் வந்தபோது அடுப்பறைக்கும் கவுண்டருக்கும் நடுவில் இருந்த இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவிக்கொத்து மனாங் டெல்ஃபியின் இடுப்பில். உள்ளே மாவு பிசைய ஆரம்பித்திருந்த ஆட்களிடம் அவள் சொன்னாள், "இன்னைக்கு எல்லாருக்கும் பெரிய கூலி. சாயங்காலம் கையில தர்றேன்."

ரெனாந்தே மாவுக் கையோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். "என்ன மனாங், இன்னொரு நாடகமா? இதையும் எழுதிக் குடுத்தாங்களா?"

"சுவத்தப் பாருடா. எம் பேரு எழுதியிருக்கா இல்லையா? ஒரு வருஷமா அவங்களுக்காக முதலாளியா இருந்தேன். இன்னைக்கு எனக்காக ஒரு நாள் இருந்துட்டுப் போறேன். ரொட்டி போடுவியா, இல்ல நானே போடவா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு மாவுக்குத் திரும்பினான்.

ரொட்டி வெந்து வந்தது. அதை அவள் கவுண்டருக்கு அனுப்பவில்லை. அடுப்பறையின் தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துத் தானே விற்றாள். கூட்டம் அங்கே திரும்பியது. முன்னால் கவுண்டரில் மேடத்தின் மச்சினி காலித் தட்டுகளோடு நின்றாள். நான் சூப்புப் பானையை மூடிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். என் முதலாளி மனோங் தூரிங் என்னைத் தடுக்கவில்லை. அவனும் எனக்குப் பின்னாலேயே வந்தான்.

மேடம் வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடி வந்து இரும்புக் கதவை உலுக்கினாள்.

"டெல்ஃபி! கதவத் தெற!"

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டது.

"யாரா? நான்டி!"

"என் கடையில ஒங்களுக்கு என்ன வேணும் மேடம்? ரொட்டின்னா ஜன்னல் பக்கம் வரிசையில வாங்க."

வரிசையில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். மேடம் போலீஸுக்குப் போன் போட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அதே நேரத்தில் திருமதி ஹிலாரியோவும் ஒரு உதவியாளரோடு வந்து ஓரமாக நின்றார். அந்த நரைத்த தலையை மேடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அலுவலகத்துக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாள்.

போலீஸ்காரர்களில் மூத்தவர் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் படித்தார். "மேடம், லைசென்ஸ் இந்தம்மா பேருலதான இருக்கு. அவங்க கடைய அவங்க பூட்டுனா நாங்க என்ன பண்றது?"

"அந்தப் பேரு சும்மா போட்டதுய்யா!"

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்! அடுப்பு என்னோடது, மாவு என்னோடது, கட்டடம் என்னோடது! இவ என் வேலக்காரி. இதோ நிக்கறானே தூரிங், இவனும் என் வேலக்காரன். இங்க இருக்கற அத்தன பேரும் என்கிட்ட சம்பளம் வாங்கறவங்க!"

ஓரத்திலிருந்து திருமதி ஹிலாரியோ பணிவாகக் கேட்டார். "அத்தன பேருன்னா எத்தன பேரு மேடம்?"

"முப்பத்து நாலு பேரு!" மேடம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "முப்பத்து நாலு குடும்பத்துக்குச் சோறு போடறேன் நான்! நன்றி கெட்டதுங்க!"

அப்போதுதான் பலோமோஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, "பேசாதீங்க மேடம், பேசாதீங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். திருமதி ஹிலாரியோ தன் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேடத்திடம் காட்டினார். மேடத்தின் வாய் திறந்தபடியே நின்றது. இரும்புக் கதவைத் திறந்துகொண்டு மனாங் டெல்ஃபி வெளியே வந்தாள். முகமெல்லாம் மாவு. அழுதிருந்தாள். ஆனால் குரல் பழைய குரல்.

"எழுதிக்குங்கம்மா. அவங்க சொன்னத அப்படியே எழுதிக்குங்க. இங்க நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு."

ரெனாந்தேதான் முதலில் கைதட்டினான்.

சாயங்காலம் ரொட்டி விற்ற காசில் அடுப்பறை ஆட்களுக்குப் பெரிய கூலியைக் கொடுத்தாள். தனக்கும் ஒரு நாள் கூலியை எடுத்துக்கொண்டாள். மீதிக் காசையும் சாவிக்கொத்தையும் மனோங் தூரிங்கிடம் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டு, பெனிங்கின் வண்டியில் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை.

நியாயம் உடனே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடை ஒன்றுதான், பெரிய கூலிப்படி பாக்கியைக் கொடு என்று ஆணை வந்தது. மேடம் மேல்முறையீடு போனாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. இடையில் பாதிப் பேர் கிடைத்தது போதும் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டு வாடகை. யாரைக் குற்றம் சொல்ல? கடைசி வரை நின்றவர்கள் முழுசாக வாங்கினோம். டெல்ஃபினா நுஃபாபிள் முதலாளி இல்லை, தொழிலாளிதான் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்ததால் அவளுக்கும் பாக்கி வந்தது. ஒரு நாள் ரொட்டிக் காசைத் திருடினாள் என்று மேடம் போட்டிருந்த கேஸும் தள்ளுபடியானது.

ஆனால் வரி அலுவலகத்துக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வருஷத்துக்கு அடுப்பறையின் வரி இன்னும் அவள் பேரில்தான் நிற்கிறது. அவள் போய், 'நான் முதலாளி இல்லை' என்று ஒவ்வொரு ஜன்னலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர்களும் அடுத்த ஜன்னலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டை டிரைசிக்கிளைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். கையெழுத்துப் போட வைத்த பலோமோஸ் இப்போது வேறு மூன்று முதலாளிகளுக்குக் கணக்கு எழுதுகிறார்.

சம்பள வாரியம் பிறகு புது ஆணை போட்டது. கூலி கொஞ்சம் ஏறியது. இரண்டு கூலியும் இரண்டாகவே இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே ஒரே கதவு வழியாக உள்ளே போகிற இரண்டு கடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அங்கே யாருடைய பேர் சுவரில் தொங்குகிறதோ, அந்த மனுஷி எந்த மாடியில் எந்தக் காகிதத்துக்குக் கண் கலங்கினாளோ.

மனாங் டெல்ஃபி இப்போது லா பாஸ் சந்தையில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். வாரியத்தின் அடுத்த விசாரணைக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "மைக்கு முன்னால இனிமே நிக்க மாட்டேன், என்ன விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். சங்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு இல்லை. அவளிடமிருந்து இன்னும் எவ்வளவுதான் எல்லோரும் கேட்பார்கள்?

போன பிப்ரவரி கந்தெலாரியா மாதா திருவிழாவில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருக்கும்போதே மனோங் தூரிங் வந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கினான். மேடம் அனுப்பியதாம். ஞானமகளுக்குத் திருவிழாப் பரிசாம். நடந்ததை மறந்துவிடலாம், மாரே என்று சொல்லச் சொன்னாளாம். பெனிங் முகம் கறுத்து எழுந்தான். நான் அவள் மூட்டையைத் தெருவில் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நல்ல அரிசி.

"வந்து சேந்துதுன்னு சொல்லு தூரிங். மறக்கலன்னும் சொல்லு."

அவன் போனதும் நான் கேட்டேன், "மனாங், வாங்கிட்டீங்களே! திருப்பி அனுப்ப வேணாமா?"

"எதுக்கு இன்டாய்?" என்றாள் அவள், அடுப்பில் உலையை வைத்துக்கொண்டே. "எனக்குக் கோவம் அவ மேல. அரிசி என்ன பண்ணுச்சு?"